திறப்பு யார் கையில்?

எங்கள் பங்குகளிலும் கிராமங்களிலும் பொதுப்பணியில் இருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பொறுப்பை ஏற்றுவிட்டு வேலையைச் செய்யாமல் விடுகிறவர்கள் ஒரு வகை. எல்லா வேலைகளையும் தாமே செய்து முடிக்கிறவர்கள் மற்ற வகை. முதலாம் வகையினரைப் பற்றிக் கூட்டங்களில் நிறையக் கதைக்கிறோம். இரண்டாம் வகையினரைப் பற்றி ஒருவரும் குறை சொல்வதில்லை. "தங்கமான மனிசன், அவர் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடவாது" என்று புகழ்கிறோம்.

அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போது எனக்கு இப்போது பயம் வருகிறது. ஒருவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது என்ற நிலையில் இருக்கும் ஒரு பங்கு, ஒரு மாதர் சங்கம், ஒரு கமக்கார அமைப்பு எந்த நேரமும் நின்றுபோகலாம். இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று இருந்தவர் இன்று இல்லை என்பதை நாம் எத்தனை தடவை கண்டோம்? இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. பல வருடங்கள் நானே அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாக இருந்தேன்.

மூன்று நாள் எரியாத அடுப்பு

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட இலட்சக்கணக்கானவர்களோடு எங்கள் குடும்பமும் புறப்பட்டது. முதலில் தென்மராட்சி, 1996இல் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னி. 1997இல் அக்கராயன் பக்கத்தில் காட்டோரமாகக் கொட்டில் போட்டிருந்தோம். அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் காலையில் கஞ்சி கொடுக்கும் வேலையைப் பங்கு ஏற்றிருந்தது. ஊரில் பங்குப் பேரவைச் செயலாளராக இருந்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் அதைத் திறம்படச் செய்தேன். களஞ்சியம் என்பது தகரம் போட்ட ஒரு சின்ன அறை. அதன் திறப்பு என் அரைஞாண் கயிற்றில் கிடந்தது. விடிய ஐந்து மணிக்கு நானே அரிசியையும் பயறையும் கொத்தால் அளந்து கொடுப்பேன். பெண்கள் காய்ச்சுவார்கள், நான் உப்புப் பார்த்த பிறகுதான் கிடாரத்தை இறக்கலாம். பெயர்ப் பட்டியல் என் கொப்பியில் இருந்தது. வரிசை நான் சொன்னபடி நின்றது. மாலையில் கணக்கு எழுதினால் ஒரு சுண்டு அரிசியும் பிசகாது. பங்குத்தந்தை கொப்பியைப் பார்த்துப் பாராட்டியபோது மனம் குளிர்ந்தது.

உதவிக்கு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. "அண்ணை, நாளைக்கு நாங்கள் அளக்கிறம், நீங்கள் கொஞ்சம் படுத்து எழும்புங்கோ" என்று பெண்கள் சொன்னார்கள். "இல்லைப் பிள்ளை, கணக்குப் பிழைச்சுப் போகும்" என்று சொல்லிவிடுவேன். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெடியன் பட்டியலைப் புதிதாக எழுதித் தந்தான். அவனுடைய கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. அவன் எழுதியதைக் கிழித்துவிட்டு இரவு விளக்கு வெளிச்சத்தில் நானே எழுதினேன். அவன் பிறகு வரவில்லை.

அந்த மாரியில் எனக்கு மலேரியா வந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஆனால் அன்றைய வன்னியில் அது வீட்டுக்கு வீடு வந்துபோன காய்ச்சல். குளிரில் நடுங்கிய என்னை இரவோடிரவாக உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திறப்பும் என்னோடு போனது. கொப்பி என் பெட்டிக்குள் கிடந்தது.

மூன்று நாட்கள் அடுப்பு எரியவில்லை. அறைக்குள் அரிசி இருந்தது, பயறு இருந்தது. வெளியே பிள்ளைகள் பேணியோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான்காம் நாள் என்னைப் பார்க்க வந்த ஒரு தாய் இதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "பூட்டை உடைச்சிருக்கலாம்தானே?" என்று கேட்டேன். அவர் சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்: "உங்களைக் கேளாமல் ஒண்டும் செய்யக்கூடாதெண்டு நீங்கள்தானே அண்ணை எங்களைப் பழக்கி வைச்சனீங்கள்."

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

திறப்பை அந்தத் தாயிடமே கழற்றிக் கொடுத்தேன். நல்ல மனத்தோடு கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். எழும்பி நடக்க முடியாததால் கொடுத்தேன். இரண்டு கிழமைக்குப் பின் திரும்பி வந்து கொப்பியைப் பார்த்தபோது உடம்பு பதறியது. வழமையைவிடப் பத்துக் கொத்துக்கு மேல் அரிசி கூடச் செலவாகியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இரண்டு நாட்களுக்குக் கணக்கே எழுதப்படவில்லை.

யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். குளக்கட்டுப் பக்கம் புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு என்றார்கள். அந்தக் குடும்பங்கள் என்னிடமும் வந்திருந்தன. கிராம அலுவலரின் கடிதத்தோடு வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பியிருந்தேன். பெண்கள் கிணற்றடியில் அந்தத் தாய்மாரோடு கதைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு காலையைக் கழிக்கிறார்கள் என்று அறிந்திருக்கிறார்கள். கடிதம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

என் பட்டியல் சரியாக இருந்தது. கணக்கும் சரியாக இருந்தது. ஆனால் பசியோடு இருந்த பிள்ளைகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். கோணல் எழுத்தில் கணக்கு வைத்த பெண்களுக்கு அது தெரிந்திருந்தது. திருத்தமாகக் கணக்கு வைத்த எனக்குத் தெரியவில்லை.

பொறுப்பைப் பகிர்வது நமது களைப்பைக் குறைக்கும் வழி என்றுதான் பலர் எண்ணுகிறோம். அன்று நான் கற்றது அதைவிடப் பெரியது. மற்றவர் கையில் வேலை போகும்போது, நமது கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படுகிறது. ஒருவரே எல்லாவற்றையும் செய்கிற இடத்தில் அந்த ஒருவருக்குத் தெரிந்த தேவைகள் மட்டுமே தீர்க்கப்படும்.

அந்தப் பெடியனின் கொட்டிலுக்குப் போய், "தம்பி, நான் செய்தது பிழை" என்று சொன்னேன். அவன் திரும்பி வந்தான். கொட்டில் வரிசைப்படி ஒரு பதிவை அவன் உருவாக்கினான். புதிதாக வருகிற குடும்பத்தைச் சேர்க்க அதில் இடம் விட்டிருந்தான். என் கொப்பியில் அப்படி ஓர் இடம் இருந்ததில்லை.

துலாவில் மூன்று பேர்

தோட்டக்காரருக்கு இது புதிய பாடமாக இருக்கக்கூடாது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வருவதற்கு முன்னர் எங்கள் அப்பு காலத்தில் துலாவால் இறைத்தார்கள். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடையாமல் இயந்திரங்கள் நின்றபோது நாங்களும் பலர் துலாவுக்குத் திரும்பினோம். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். மூன்றாமவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி மாறுவார்.

மேலே நிற்பவருக்கு எந்த இடத்தில் தண்ணீர் உடைத்து ஓடுகிறது என்பது தெரியும். ஆனாலும் அவர் இறங்கி ஓட முடியாது. இறங்கினால் பட்டை நின்றுவிடும். அவர் சத்தம் போட்டுச் சொல்லலாம்; மற்றவரின் மண்வெட்டியைப் பறிக்க முடியாது. பாத்தி மாறுவது பெரும்பாலும் வீட்டில் வளர்ந்துவரும் பிள்ளை. முதல் நாள் அவன் வரம்பை உடைப்பான், ஒரு பாத்திக்குக் கூடவும் ஒரு பாத்திக்குக் குறையவும் விடுவான். சில நாட்களில் கை பழகிவிடும். பிறகு பட்டை பிடிப்பான். அதன் பிறகு துலாவில் ஏறுவான். ஊற்றுப்பட்ட தண்ணீரையும் உடைந்த வரம்பையும் பொறுத்துக்கொண்டதால்தான் அடுத்த தலைமுறை தோட்டம் செய்யப் பழகியது. தோட்டத்தில் எங்களுக்கு இருந்த அந்தப் பொறுமை கோவிலில் எங்கே போயிற்று?

மோசேயும் திருத்தூதர்களும்

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். எகிப்தை விட்டு வெளியேறி, சொந்த நிலம் இன்னும் கிடையாமல், பாலைவனத்தில் கூடாரங்களில் இருந்த மக்கள் அவர்கள். அவர்களும் எங்களைப் போல முகாம் மக்கள். மோசே விடிந்தது முதல் பொழுதுபடும் வரை தனியே இருந்து எல்லோருடைய வழக்குகளையும் கேட்கிறார். மாமனார் இத்திரோ வந்து ஒரு நாள் பார்த்துவிட்டு, இது நல்லதல்ல என்கிறார். நீயும் களைப்பாய், உன்னிடம் வருகிற மக்களும் களைப்பார்கள் என்பது அவருடைய கருத்து. மக்களும் களைப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் தானே செய்கிற தலைவரால் வருத்தப்படுவது வரிசையில் காத்து நிற்கிற மக்கள். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் பொறுப்பாளர்களை ஏற்படுத்து, பெரிய காரியங்கள் மட்டும் உன்னிடம் வரட்டும் என்று இத்திரோ வழி சொன்னார். மோசே கேட்டார்.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் இன்னும் எங்களுக்கு நெருக்கமானது. அங்கே எழுந்த பிரச்சினை உணவுப் பங்கீடு. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வந்தது. திருத்தூதர்கள் முறைப்பாட்டை அடக்கவில்லை. தாங்களே இன்னும் கவனமாகப் பரிமாறுவதாகவும் சொல்லவில்லை. சபையைக் கூட்டி, நற்பெயர் பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலான அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டது என்று பல விவிலிய அறிஞர்கள் விளக்குகிறார்கள். யார் விடுபட்டார்களோ, அவர்களிடமே திறப்பைக் கொடுத்தார்கள்.

குரு இல்லாத 29 ஆண்டுகள்

எங்கள் சொந்தத் திருச்சபை வரலாறும் இதையே சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை 29 ஆண்டுகள். அவர் வந்தபோது இங்கே விசுவாசம் அழிந்திருக்கவில்லை. வீடுகளில் ஒளித்துச் செபித்த குடும்பங்கள் இருந்தன. மாந்தையில் இருந்த மாதாவின் திருச்சொரூபத்தை மக்களே காவிக்கொண்டு காட்டுக்குள் மருதமடுவுக்குப் போனதும் அந்த ஒல்லாந்தர் காலத்தில்தான் என்பது மரபு. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு 1990 முதல் அடைக்கலம் தந்த மடு அப்படித் தோன்றியது.

வாஸ் அடிகளார் 1696 வரை இந்தத் தீவில் தனியொரு குருவாகப் பணியாற்றினார். யாழ்ப்பாணம் முதல் கண்டிவரை நடந்து திரிந்த ஒருவரால் எல்லாவற்றையும் தன் கையால் செய்திருக்க முடியுமா? அவர் ஊருக்கு ஊர் பொதுநிலையினரைப் பொறுப்பாக வைத்தார். மூப்பர் கோவில் காரியங்களைப் பார்த்தார். அண்ணாவி செபங்களை நடத்தி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுத்தார். அடிகளார் அடுத்த தடவை வருவதற்கு மாதங்கள் செல்லும். அதுவரை அந்த ஊரின் விசுவாசம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் குருமடத்தில் படித்தவர்கள் அல்லர். கமம் செய்தவர்களும் கடலுக்குப் போனவர்களும். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்ட அந்தக் குருவின் வெற்றியில் பெயர் தெரியாத அந்த மூப்பர்களுக்கும் அண்ணாவிமாருக்கும் பங்கு உண்டு.

திருச்சபைச் சட்டமும் இதே மனத்தோடுதான் இருக்கிறது. ஆபத்து வேளையில், சரியான நோக்கமுள்ள எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அனுமதிக்கிறது. மீட்புக்குரிய அருட்சாதனத்தையே தேவை வந்தால் ஒரு மருத்துவிச்சியின் கையில் ஒப்படைக்கத் திருச்சபை தயங்கவில்லை. திருநாள் சோடனையை ஓர் இளம் பெண்ணிடம் ஒப்படைக்க நாம் தயங்குகிறோம்.

"சரியாகச் செய்ய வேண்டும்" என்பதற்குள் இருப்பவை

கடவுளுக்குச் செய்வதைத் திறமாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்லது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் வேறு பலவும் ஒளிந்துகொள்கின்றன. என் மனத்தைச் சோதித்துப் பார்த்தபோது மூன்றைக் கண்டேன்.

முதலாவது, வெட்கப் பயம். பாட்டில் ஒரு சுருதி பிசகினால், கூடு சுற்றி வரும்போது ஒரு விளக்கு அணைந்தால், "செயலாளர் என்ன செய்தார்?" என்று கேட்பார்கள் என்ற பயம். அங்கே கடவுளின் மகிமையைவிட என் பெயரைப் பற்றிய கவலையே கூடுதலாக இருந்தது.

இரண்டாவது, இழப்பின் வலி. இதை இடம்பெயர்ந்தவர்கள் விளங்கிக்கொள்வார்கள். காணி போனது. கிணறு போனது. வீடு போனது. ஊரில் நாலு பேர் மதித்த மனிதன், நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்கிறவன் ஆனேன். அந்த நேரம் என் கையில் மிஞ்சியிருந்தது களஞ்சியத் திறப்பு ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் நான் யார்? பலர் பொறுப்புகளை விடாமல் பிடித்திருப்பதற்குப் பேராசை காரணம் என்று நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பிடுகிறோம். சில வேளை அதற்குள் ஒரு துயரம் இருக்கிறது. அப்படிப்பட்டவரைக் கூட்டத்தில் அவமானப்படுத்தி இறக்குவதால் பயன் இல்லை. அவருடைய அனுபவத்துக்கு ஓர் இடம் கொடுத்துக்கொண்டே திறப்பைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கசப்பானது. "அவைக்கு இது வராது" என்று சொல்லும்போது, யாருக்கு வராது என்கிறோம்? பெரும்பாலும் பெண்களுக்கு. கூலிவேலை செய்யும் குடும்பங்களுக்கு. சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களுக்கு. சில கோவில்களில் வாசகம் வாசிப்பதும், கூடு தூக்குவதும், பேரவையில் இருப்பதும் சில குடும்பங்களின் முதுசமாகவே இருந்து வந்தன. அதை நேரடியாகச் சொல்ல வெட்கப்பட்டு, "திறமாகச் செய்யவேண்டும்" என்று சொன்னோம். முகாமில் ஒரே கிணற்றில் அள்ளினோம், ஒரே பந்தியில் உண்டோம். ஊருக்குத் திரும்பியதும் பழைய பட்டியலைத் தூசி தட்டி எடுத்தால், அந்த இடப்பெயர்வில் நாம் எதைக் கற்றோம்?

எதில் இளகக் கூடாது

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றிலும் கவனயீனமாக இருக்கலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். கண்ணிவெடி அகற்றுகிறவர் ஏறக்குறையச் சரி என்று ஒரு முழ நிலத்தையும் விட்டுவிட முடியாது. பங்குப் பணியிலும் அப்படிப்பட்ட சில காரியங்கள் உண்டு.

பணம் ஒன்று. காணிக்கையை ஒருவர் தனியே எண்ணக்கூடாது. இருவர் மூவராக எண்ணி, அப்போதே எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே கட்டளையிடுகிறது. பிள்ளைகளின் பாதுகாப்பு இன்னொன்று. மறைக்கல்விக்கோ சுற்றுலாவுக்கோ பிள்ளைகளை எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட பெரியவர்களின் பார்வையில் வைத்திருக்க வேண்டும். மருந்து கொடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. திருமுழுக்கு, திருமண, மரணப் பதிவுகள் திருத்தமாக இருக்க வேண்டும். ஆவணங்களை இழந்து அலைந்தவர்களுக்கு ஒரு பதிவின் பெறுமதி தெரியும்.

இவற்றைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். இவை எதிலும் ஒருவரே எல்லாம் என்பது பாதுகாப்புத் தராது. இருவர் மூவர் சேர்ந்து செய்வதால்தான் பாதுகாப்பு வருகிறது. மிகவும் கவனம் வேண்டிய வேலைகளே மிகவும் பகிரப்பட வேண்டிய வேலைகள். மற்றவை, அதாவது சோடனை, பாடல், சமையல், கூட்ட ஒழுங்கு, விளையாட்டுப் போட்டி, சிரமதானம், சற்றுக் கோணலாக நடந்தாலும் ஒருவருக்கும் கேடு வராது.

நாற்றுமேடையில் கற்கலாம்

ஒப்படைப்பது எப்படி? மிளகாய் நாற்று வளர்த்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைத்தவுடன் மேடைக்குக் கிடுகால் நிழல் போடுகிறோம். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளிக்கிறோம். நான்கு ஐந்து கிழமையில் பிடுங்கி நடவேண்டும். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே நிழலைச் சிறிது சிறிதாக எடுத்து, தண்ணீரையும் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குகிறோம். ஆசையால் மேடையிலேயே வைத்திருந்தால் கன்று நெடுத்து, மெலிந்து, பிறகு நட்டாலும் சரியாகப் பிடியாது. நட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் மத்தியான வெயிலில் கன்று தலை சாயும். அனுபவம் இல்லாதவர் பதறிப்போய் வெள்ளமாகத் தண்ணீர் விட்டு வேரை அழுக வைப்பார். அனுபவசாலி பொழுதுபடப் போய்ப் பார்ப்பார், கன்று நிமிர்ந்திருக்கும்.

ஆட்களைப் பழக்குவதும் இப்படித்தான். என் அனுபவத்தில் பயன் தந்த சில ஒழுங்குகளைச் சொல்கிறேன்.

1. முதலில் வேலையை எழுதுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற வேலையை ஒருவரிடமும் ஒப்படைக்க முடியாது. யாரிடம் பொருள் வாங்குவது, எப்போது அறிவிப்பது, எது எங்கே இருக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அதைக் கோவிலில் வையுங்கள். வீட்டில் வைக்க வேண்டாம்.

2. ஒருவருக்குக் கொடாமல் இருவருக்குக் கொடுங்கள். முடிந்தால் ஒருவர் வயதில் மூத்தவர், மற்றவர் இளையவர். ஒருவர் நோயுற்றாலும் ஊரை விட்டுப் போனாலும் வேலை நில்லாது.

3. மூன்று தடவை என்று ஒரு கணக்கு வையுங்கள். முதல் தடவை நீங்கள் செய்யுங்கள், அவர்கள் பார்க்கட்டும். இரண்டாம் தடவை அவர்கள் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாம் தடவை நீங்கள் அந்த இடத்துக்கே போக வேண்டாம்.

4. வேலையோடு அதிகாரத்தையும் கொடுங்கள். கதிரை சுமக்க ஒருவர், எங்கே போடுவது என்று தீர்மானிக்க நீங்கள் என்றால், நீங்கள் ஒன்றையும் ஒப்படைக்கவில்லை. ஒரு கூலியாளைப் பிடித்திருக்கிறீர்கள்.

5. அவர்கள் செய்ததைப் பின்னால் போய்த் திருத்த வேண்டாம். அவர்கள் கட்டிய தோரணத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினால், அவர்கள் அடுத்த வருடம் வரமாட்டார்கள். நான் கிழித்த பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. பிழை வந்தால் தனியே கதையுங்கள். பாராட்டைச் சபையில் சொல்லுங்கள். எங்களில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம்.

7. தவணை வையுங்கள். இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பொறுப்பு கைமாற வேண்டும். விலகுகிறவர் ஆலோசகராக இருக்கலாம். கேட்டால் மட்டும் சொல்லலாம்.

ஆட்கள் இல்லை என்பவர்களுக்கு

"ஒப்படைக்கலாம், ஆனால் ஏற்க ஆட்கள் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. போரில் பலரை இழந்தோம். பலர் வெளிநாடு போய்விட்டார்கள். இளையவர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போகிறார்கள். ஆனால் கேட்டுப் பார்த்தோமா? வா என்று சொல்லி, வந்தவனின் எழுத்தைக் கிழித்து அனுப்பிவிட்டு, ஆட்கள் இல்லை என்று நானும்தான் முறைப்பட்டேன். ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டவர் இரண்டாம் தடவை தானாக வரமாட்டார். அவருடைய வாசலுக்கு நாம் போக வேண்டும்.

"பொறுப்பைப் பகிர்ந்தால் ஒழுங்கு கெட்டுவிடும்" என்பது அடுத்த மறுப்பு. சில காலம் கெடும், ஒப்புக்கொள்கிறேன். திருநாள் ஒரு வருடம் சற்று மங்கலாக நடக்கலாம். பாடகர் குழு தடுமாறலாம். அந்த ஒரு வருடத்தின் குறையை இருபது வருடத்தின் பலனோடு வைத்து நிறுத்துப் பாருங்கள்.

2009க்குப் பின் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டு, பலர் ஊர்களுக்குத் திரும்பினோம். இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் காணியிலும் வாடகை வீட்டிலும் இருக்கிற குடும்பங்கள் உண்டு. திரும்பியவர்கள் கிணறு இறைத்து, பற்றை வெட்டி, கோவிலையும் கட்டி எழுப்பினோம். அதை முன்னின்று செய்த பலர் தொண்ணூறுகளில் முகாம்களில் பொறுப்பேற்றவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இன்று அவர்களுக்கு அறுபது, எழுபது வயது. பங்குப் பேரவை, மரண உதவிச் சங்கம், கமக்கார அமைப்பு, சிக்கனக் கடன் சங்கம் என்று எங்கு பார்த்தாலும் திறப்பு அதே கைகளில் இருக்கிறது. அந்தக் கைகள் தளர்வதற்கு முன் மற்றக் கைகள் பழக வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு பொறுப்பாளரும், "எனக்கு மட்டும் தெரிந்த, நான் மட்டும் செய்கிற வேலைகள் எவை?" என்று ஒரு கடதாசியில் எழுதட்டும். நாளைக்கு நான் நோயில் விழுந்தால் எந்த அடுப்பு எரியாது என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்கட்டும். அந்தப் பட்டியலில் இருந்து ஒன்றைத் தெரிந்து, அந்த மாதம் முடிவதற்குள் இருவரிடம் கையளியுங்கள். அடுத்த மாதம் இன்னொன்று.

அந்தத் தாய் இப்போது பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். தன் ஊரில் மாதர் சங்கப் பொருளாளராக ஆறு வருடம் இருந்தவர். சென்ற வருடம் கண்டபோது, "பொறுப்பை மருமகள்மாரிட்டைக் குடுத்திட்டன் அண்ணை. பிழை விடுகினம்தான். நான் வாய் திறக்கிறேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். நான் மூன்று நாள் பட்டினி போட்டுக் கற்ற பாடத்தை அவர் பட்டினி போடாமலே அடுத்தவர்களுக்குக் கற்பித்துவிட்டார்.